ரவுட்டருக்கு மூச்சு வாங்கினால்

ராத்திரி எட்டரைக்கு மேல் போன் அடிக்கத் தொடங்கும். "அண்ணே, நெட்டு சுத்தமா நின்னுபோச்சு." "தம்பி, படம் சுத்திக்கிட்டே நிக்குதுப்பா." ஐந்தாறு அழைப்பு வந்த பிறகு, ரவுட்டரை நிர்வகிக்கிற வின்பாக்ஸைத் திறந்து, சிஸ்டம் மெனுவில் ரிசோர்சஸைப் பார்த்தால் சிபியு லோடு 100 என்று நிற்கும். உடனே கை போகிற இடம் ரீபூட். பெட்டி எழுந்து வந்ததும் பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் மறுபடி போன்.

ரீபூட் பொத்தானை அழுத்துமுன் ஐந்தே நிமிடம் கொடுங்கள். ரவுட்டர் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் காரணம் கண்ணுக்குத் தெரியும். ரீபூட் செய்துவிட்டால் கனெக்ஷன் பட்டியல் காலியாகிவிடும், மெமரியில் எழுதியிருந்த லாகு அழிந்துவிடும், யார் எங்கிருந்து தொல்லை கொடுத்தார் என்பதற்குச் சாட்சி இருக்காது. அடுத்த நாள் ராத்திரி அதே எட்டரைக்கு நீங்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகள் எல்லாம் மைக்ரோடிக் ரவுட்டரை வைத்து. 1996இல் லாட்வியா நாட்டில் தொடங்கிய நிறுவனம் அது. நம் பக்கத்துச் சிற்றூர்க் கேபிள் ஆப்பரேட்டர்களிடமும் கல்லூரி விடுதிகளிலும் நான் அதிகம் பார்த்த பெட்டி அதுதான். உங்களிடம் இருப்பது வேறு பெட்டி என்றால் மெனுவின் பெயர்தான் மாறும், தேடுகிற முறை மாறாது.

ப்ராசசருக்கு வேலை எங்கிருந்து வருகிறது

பெரிய நிறுவனங்களின் விலை உயர்ந்த ரவுட்டர்களில் பாக்கெட்டைத் தூக்கி அடுத்த போர்ட்டில் போடுவதற்கென்றே தனிச் சிப் இருக்கும். நாம் வாங்குகிற சிறு பெட்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் ப்ராசசரே கையில் எடுத்து, முகவரி பார்த்து, ஃபயர்வால் ரூல்களோடு ஒப்பிட்டு, நேட் செய்து, வரிசையில் நிறுத்தி அனுப்புகிறது.

ஆகவே ப்ராசசர் களைப்பது பாக்கெட்டின் எண்ணிக்கையால். எம்பிபிஎஸ் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரே பஸ்ஸில் 50 பேர் வந்தாலும், 50 பேர் தனித்தனிக் காரில் வந்தாலும் போய்ச் சேருகிற ஆட்கள் ஒன்றுதான். டோல்கேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் வேலை 50 மடங்கு. 1 ஜிகாபிட் லைனை 1518 பைட் அளவுள்ள பெரிய ஃப்ரேம்களால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 81 ஆயிரம் வரும். அதே லைனை 64 பைட் ஃப்ரேம்களால் நிரப்பினால் நொடிக்கு 14 லட்சத்து 88 ஆயிரம். 50 எம்பிபிஎஸ் அளவுக்குச் சின்னப் பாக்கெட் வந்தாலே நொடிக்கு 70 ஆயிரத்தைத் தாண்டிவிடும். "லைனே பாதி காலியா கெடக்கு, சிபியு மட்டும் ஏன் சார் நூறு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதில் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் பட்டியலில் வேகத்துக்குப் பக்கத்திலேயே நொடிக்கு எத்தனை பாக்கெட் என்ற கட்டமும் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துப் பழகுங்கள்.

இன்னொரு பிரிவினையும் மனதில் பதிய வேண்டும். ஒரு பாக்கெட் ரவுட்டரின் ஊடாகப் போகலாம், அல்லது ரவுட்டருக்கே வரலாம். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து யூடியூபுக்குப் போவது முதல் வகை. ஃபயர்வாலில் அது ஃபார்வர்ட் செயின் வழியாகப் போகும். வெளியிலிருந்து யாரோ உங்கள் ரவுட்டரின் முகவரியையே தட்டுவது இரண்டாம் வகை. அது இன்புட் செயினுக்கு வரும். சிபியு ஏறியதும் இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் ரூல் எழுதினால், ஃபார்வர்டில் நூறு ரூல் போட்டும் இன்புட்டில் வருகிற வெள்ளம் ஒரு சொட்டும் குறையாது.

ப்ரொஃபைலைத் திறப்பது

டூல்ஸ் மெனுவில் ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது. திறந்து ஸ்டார்ட் அழுத்தினால், ப்ராசசரின் நேரத்தை எந்த வேலை எவ்வளவு தின்கிறது என்று வரிசையாகக் காட்டும். நெட்வொர்க்கிங், ஃபயர்வால், க்யூயிங், ஈதர்நெட், பிரிட்ஜிங், டிஎன்எஸ், என்கிரிப்டிங், ரவுட்டிங், மேனேஜ்மென்ட், வின்பாக்ஸ் என்று பெயர்கள் வரும். அரை நிமிடமாவது ஓடவிட்டு, மேலே எது நிலையாக நிற்கிறது என்று பாருங்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மறுநாள் ஒப்பிட உதவும்.

மொத்த சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். ரிசோர்சஸ் சாளரத்தில் சிபியு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். நான்கு கோர் உள்ள பெட்டியில் ஒரு கோர் 100லும் மற்ற மூன்று சும்மாவும் இருந்தால் மொத்தக் கணக்கு 25 என்றுதான் காட்டும். "சிபியு 25தான் இருக்கு, நெட் ஏன் ஸ்லோ?" என்று மேலே உள்ள லைன்காரரோடு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ஒற்றைக் கோர் மூச்சுத் திணறிக் கிடந்திருக்கும். மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்ஸின் 6ஆம் பதிப்பில், ரவுட்களைப் பரிமாறுகிற பிஜிபி ஒரே கோரில்தான் ஓடும். 9 லட்சத்தைத் தாண்டிய முழு இணைய ரவுட் பட்டியலையும் அதில் ஏற்றுபவர்கள் இந்தத் தொல்லையை நன்றாக அறிவார்கள். 36 கோர் பெட்டி வாங்கிப் போட்டாலும் அந்த வேலைக்கு உதவுவது ஒன்றுதான். 7ஆம் பதிப்பில் அதை மாற்றி எழுதினார்கள்.

வின்பாக்ஸில் கனெக்ஷன் பட்டியல், போக்குவரத்தை உடனுக்குடன் காட்டுகிற டார்ச், லாகு என்று பத்துச் சாளரத்தைத் திறந்துவைத்தால் அவையும் ப்ராசசரைத் தின்னும். ரவுட்டரிலிருந்தே பேண்ட்விட்த் டெஸ்ட் ஓட்டினாலும் அப்படித்தான்: பாக்கெட்டை உற்பத்தி செய்கிற வேலையும் அதே ப்ராசசர் தலையில் விழும். வேகத்தை அளக்க வேண்டுமென்றால் ரவுட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு கணினி, அந்தப் பக்கம் ஒரு கணினி வைத்து அளங்கள்.

டிஎன்எஸ் என்று காட்டினால்

ஒரு கல்லூரி விடுதிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். லைனில் 30 எம்பிபிஎஸ்கூட ஓடவில்லை, சிபியு 100. மூன்று வாரமாக வார்டன் தினமும் காலையில் ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ப்ரொஃபைலைத் திறந்ததும் டிஎன்எஸ் மேலே நின்றது. வெளி இன்டர்ஃபேஸில் டார்ச் போட்டுப் பார்த்தால், தெரியாத முகவரிகள் எல்லாம் வரிசைகட்டி 53ஆம் போர்ட்டைக் கேட்டுக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். மாணவர்களுக்கு ரவுட்டரே டிஎன்எஸ் கொடுக்கட்டும் என்று யாரோ 'அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்' கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். அந்த டிக் உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்று பிரித்துப் பார்க்காது. ஃபயர்வால் தடுக்காவிட்டால் உலகத்தில் யார் கேட்டாலும் பதில் போகும். இப்படித் திறந்து கிடக்கிற ரவுட்டர்களைத் தேடிப் பிடித்து, யாரைத் தாக்க வேண்டுமோ அவருடைய முகவரியை அனுப்புநர் முகவரியாகப் பொய்யாக எழுதிக் கேள்வி அனுப்புவார்கள். கேள்வி சின்னது, பதில் பெரியது. பதில் முழுவதும் அந்த அப்பாவியின் தலையில் போய் விழும். டார்ச்சில் நீங்கள் பார்க்கிற முகவரிக்காரர் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர். அவரைத் திட்டியோ முகவரி முகவரியாகத் தடுத்தோ பயனில்லை.

மருந்து எளிது. இன்புட் செயினில், வெளி இன்டர்ஃபேஸ் வழியாக 53ஆம் போர்ட்டுக்கு வரும் யுடிபிக்கு ஒரு டிராப், டிசிபிக்கு ஒரு டிராப். ஆனால் இந்த எளிய மருந்திலும் மூன்று இடத்தில் கை தவறுகிறது. ரூலை ஃபார்வர்டில் எழுதிவிடுவார்கள். அல்லது லைன் பிபிபிஓஇ வழியாக வந்துகொண்டிருக்க, இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் ஈதர்1 என்று போடுவார்கள். அங்கே பிபிபிஓஇ இன்டர்ஃபேஸின் பெயரைத்தான் போட வேண்டும். மூன்றாவது, பதற்றத்தில் அந்த டிக்கையே எடுத்துவிடுவது. உள்ளே எல்லாக் கணினியும் ரவுட்டரைத்தான் டிஎன்எஸ் என்று நம்பிக்கொண்டிருந்தால், அடுத்த நிமிடம் விடுதி முழுக்க நெட் போய்விடும்.

ரூல் போட்ட சில நொடிகளில் சிபியு இறங்கும். கேள்விகள் மட்டும் நிற்காது. தாக்குபவரின் பட்டியலில் உங்கள் முகவரி ஏறிவிட்டதால் இன்னும் பல நாள் வந்து மோதிக்கொண்டே இருக்கும். மோதுவதன் வேகம் அதிகமாகி, டிராப் செய்வதே ப்ராசசருக்குச் சுமையானால், அதே ரூல்களை ரா என்ற அட்டவணைக்கு மாற்றுங்கள். 2016இல் 6.36 பதிப்பில் வந்த வசதி இது. கனெக்ஷன் ட்ராக்கிங் பதிவு போடுமுன்னரே பாக்கெட்டை வாசலில் நிறுத்திவிடும். பதிவு போட்டுவிட்டுத் தள்ளுவதற்கும் வாசலிலேயே தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ப்ரொஃபைலில் நேராகப் பார்க்கலாம்.

ஃபயர்வால் என்று காட்டினால்

ரூல் பட்டியலை ரவுட்டர் மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் ரூல் கிடைக்கும்வரை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இந்தப் படிப்பு நடக்கும். ஏற்கனவே பேச்சு நடந்துகொண்டிருக்கிற கனெக்ஷன்களின் பாக்கெட்தான் மிகப் பெரும்பான்மை. ஆகவே எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் இரண்டையும் அக்செப்ட் செய்கிற ரூல் முதலிடத்தில் இருக்க வேண்டும். அது 60ஆவது வரியில் கிடந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் 59 கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போகும். கவுண்டர்களைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அதிகம் எண்ணுகிற ரூல் எது என்று தெரிந்துவிடும். அதை மேலே நகர்த்த முடியுமா என்று யோசியுங்கள். முகவரிக்கு ஒன்றாக 200 டிராப் ரூல் எழுதியிருந்தால், அத்தனை முகவரியையும் ஒரு அட்ரஸ் லிஸ்டில் போட்டு ஒரே ரூலாக்கிவிடலாம்.

லேயர் 7 ரூல்களை நான் பார்த்த இடத்திலெல்லாம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கனெக்ஷனிலும் முதல் 10 பாக்கெட் அல்லது முதல் 2 கிலோபைட்டைச் சேர்த்துவைத்து, அதற்குள் எழுத்துக்கோவையைத் தேடுகிற வேலை அது. முகநூலைத் தடுக்க, யூடியூபைத் தடுக்க என்று பழைய குறிப்புகளைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ்ஸில் மறைகுறியாகப் போகின்றன. தேடுகிற சொல் பெரும்பாலும் கண்ணில் படாது, ப்ராசசர் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஃபாஸ்ட்ட்ராக் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 2015இல் 6.29 பதிப்பில் வந்தது. பழக்கமான கனெக்ஷன்களை ஃபயர்வால், கனெக்ஷன் ட்ராக்கிங் ஆகிய சோதனைகளிலிருந்து விலக்கிக் குறுக்குவழியில் அனுப்புகிறது. வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இதைவிடப் பெரிய நிவாரணம் இல்லை. ஃபார்வர்ட் செயினின் மேலே ஃபாஸ்ட்ட்ராக் ரூல், அதன் கீழேயே அதே நிபந்தனையோடு ஒரு அக்செப்ட் ரூல்: இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளருக்கு வேகம் பிரித்துக் கொடுக்கிற ஆப்பரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடக் கூடாது. குறுக்குவழியில் போகிற பாக்கெட் சிம்பிள் க்யூவையும் தாண்டிப் போய்விடும். 40 எம்பிபிஎஸ் கட்டியவருக்கு லைனில் இருக்கிற அத்தனை வேகமும் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்வார். ஐபிசெக் டனல் ஓடுகிற அலுவலகத்திலும் அந்தப் போக்குவரத்தை ஃபாஸ்ட்ட்ராக்கிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

கரண்ட் போய் வந்தால் மட்டும் ஏறினால்

சிற்றூர் ஆப்பரேட்டர்களின் தனித் தலைவலி இது. ஒரு தெருவுக்குக் கரண்ட் போகிறது, 150 பிபிபிஓஇ இணைப்பு ஒரேயடியாக அறுகிறது. கரண்ட் வந்ததும் 150ம் ஒரே நேரத்தில் மறுபடி டயல் செய்கின்றன. சில நிமிடம் சிபியு ஏறுவது இயல்பு. ஏறியது இறங்கவே இல்லையென்றால் நேட் ரூலைப் பாருங்கள்.

பெரும்பாலோர் மாஸ்கரேட் போட்டு, அவுட் இன்டர்ஃபேஸைக் காலியாக விட்டிருப்பார்கள். ஒரு இன்டர்ஃபேஸ் அறுந்தாலோ அதன் முகவரி மாறினாலோ, அதன் வழியே மாஸ்கரேட் ஆன கனெக்ஷன்களைத் தேடி அழிப்பது அந்த வகை ரூலின் இயல்பு. முகவரி மாறிக்கொண்டே இருக்கிற வீட்டு லைனுக்காகச் செய்த ஏற்பாடு அது. பிபிபிஓஇ சர்வரில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஓர் இன்டர்ஃபேஸ் என்பதை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான வரி உள்ள கனெக்ஷன் பட்டியலை, ஒவ்வொரு அறுப்புக்கும் ரவுட்டர் புரட்டிப் பார்க்க வேண்டி வருகிறது. உங்களுக்கு நிலையான பொது முகவரி இருந்தால் மாஸ்கரேடை எடுத்துவிட்டு, அந்த முகவரியைக் குறிப்பிட்டு சோர்ஸ் நேட் எழுதுங்கள். அவுட் இன்டர்ஃபேஸையும் மறக்காமல் நிரப்புங்கள். இந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு மழைக்கால ராத்திரிகள் எவ்வளவு அமைதியாகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

க்யூயிங் உயர்ந்திருந்தால், விலகிப் போன வாடிக்கையாளர்களின் பழைய க்யூக்களையும், ஒரே ஆளுக்கு பிபிபிஓஇ தானாக உருவாக்கியது ஒன்று, நீங்கள் கையால் எழுதியது ஒன்று என்று இரட்டிப்பாக இருப்பவற்றையும் முதலில் நீக்குங்கள்.

பிரிட்ஜிங் என்று காட்டினால்

லூப் என்று முதலில் சந்தேகியுங்கள். மேசைக்கு அடியில் தொங்கிய கேபிளின் இரண்டாம் முனையை யாரோ நல்லெண்ணத்தோடு அதே ஸ்விட்சில் செருகியிருப்பார்கள். பிராட்காஸ்ட் பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகும். ஸ்விட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் அடிப்பதைப் பார்த்தாலே புரியும். தன் சொந்த முகவரியையே அனுப்புநராகக் கொண்ட பாக்கெட் வந்ததாகவும் லூப் இருக்கக்கூடும் என்றும் ரவுட்டரின் லாகில் எச்சரிக்கை வரும். ப்ரொஃபைலைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது சிபியு சரிகிறதோ அந்தத் திசையில் நடங்கள்.

லூப் இல்லையென்றால் பிரிட்ஜ் போர்ட் பட்டியலில் ஒவ்வொரு போர்ட்டின் பக்கத்திலும் 'எச்' எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால், போர்ட்டுக்குப் போர்ட் போகிற போக்குவரத்தை ஸ்விட்ச் சிப் பார்த்துக்கொள்கிறது. இல்லையென்றால் பக்கத்து மேசைக்கு ஃபைல் அனுப்பினாலும் ப்ராசசர்தான் சுமக்கிறது. சில மாடல்களில் பிரிட்ஜில் விலான் ஃபில்டரிங் போட்டதும் அந்த 'எச்' மறைந்துவிடும்.

எதிலும் சேராமல் இருந்தால்

வேறு யாரோ உள்ளே வந்திருக்கிறார்களா என்று பாருங்கள். வின்பாக்ஸ் 8291 போர்ட்டில் இருந்த ஓட்டை வழியாகப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வெளியிலிருந்தே எடுத்துவிட முடிந்தது. 2018 ஏப்ரலில் 6.42.1 பதிப்பில் அதை அடைத்தார்கள். அப்டேட் செய்யாத பெட்டிகள் அந்த ஆண்டே லட்சக்கணக்கில் சிக்கின. அப்போது பரவிய கிரிப்டோ நாணயம் தோண்டும் ஸ்க்ரிப்டைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். தோண்டியது ரவுட்டரின் ப்ராசசர் இல்லை. ரவுட்டரின் வெப் ப்ராக்ஸியை முடுக்கி, அதன் வழியாகப் போகிற பக்கங்களில் ஸ்க்ரிப்டைச் செருகினார்கள். உழைத்தது பயனர்களின் கணினி.

2021இல் மேரிஸ் என்ற பெயரில் நடந்த பெரிய தாக்குதல்களுக்கும் 2018இல் திருடுபோன பெட்டிகளே பயன்பட்டன. அப்டேட் செய்து ஓட்டையை அடைத்த உரிமையாளர்கள் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்தார்கள். ஆகவே சிஸ்டம் மெனுவில் ஷெட்யூலரையும் ஸ்க்ரிப்ட்ஸையும் யூசர்ஸையும், ஐபி மெனுவில் சாக்ஸையும் வெப் ப்ராக்ஸியையும் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதாதது ஒன்று இருந்தாலும் அந்தப் பெட்டியை நம்ப வேண்டாம். நெட்இன்ஸ்டால் கொண்டு முழுக்க அழித்து, புதிய பாஸ்வேர்டோடு, கையால் மறுபடி அமையுங்கள். பழைய பேக்அப்பை ஏற்றினால் திருடனையும் சேர்த்துத்தான் ஏற்றுவீர்கள்.

சின்னக் காரணங்கள் சில: எல்லா டிராப் ரூலிலும் லாக் போட்டு வைத்திருப்பது, கண்காணிப்பு மென்பொருள் நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி வழியாக முழு ரவுட் பட்டியலையும் கேட்பது, ஓப்பன்விபிஎன் போல வன்பொருள் உதவி இல்லாத மறைகுறியாக்கத்தில் பெரிய ஃபைல்களை அனுப்புவது. ப்ரொஃபைலில் பெயர் தெரிந்தால் இவற்றைக் கண்டுபிடிக்க நேரம் ஆகாது. எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையென்றால், திணறல் நடக்கும்போதே மேக் சப்அவுட் அழுத்தி, உருவாகிற ஃபைலைத் தயாரிப்பாளரின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதன் பிறகு ரீபூட் செய்துகொள்ளலாம்.

பெட்டியை மாற்ற வேண்டிய நேரம்

ப்ரொஃபைலில் நெட்வொர்க்கிங்கும் ஈதர்நெட்டும் முன்னால் நிற்க, வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு சிபியு சீராக ஏறி, ராத்திரி பதினொன்றுக்கு மேல் தானாக இறங்குகிறதா? அது நோயே இல்லை, வேலை. ஹெக்ஸ் என்கிற ஆர்பி750ஜிஆர்3 பெட்டியில் 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோரும் 256 எம்பி மெமரியும்தான் இருக்கின்றன. அதை நம்பி ஒரு ஊரையே இணைத்துவிட்டு அதன்மேல் கோபப்படுவது நியாயமில்லை.

புதிய பெட்டி தேடும்போது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிற வேகத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் சோதனை முடிவு அட்டவணை இருக்கிறது. 25 ஃபில்டர் ரூல், 25 சிம்பிள் க்யூ என்ற வரிகளுக்கு நேரே, 512 பைட் பத்தியில் உள்ள எண்ணைப் படியுங்கள். உங்கள் தெருவின் ராத்திரி நேரத்துக்கு மிக நெருக்கமான எண் அதுதான். உங்கள் உச்ச நேரத் தேவையைப் போல இரண்டு மடங்காவது அந்த இடத்தில் இருந்தால் வாங்கலாம்.

பெட்டி பழையதோ புதியதோ, எந்தத் தொல்லையும் இல்லாத ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு ப்ரொஃபைலையும், கோர் வாரியான சதவீதத்தையும், வெளி இன்டர்ஃபேஸில் நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதையும், கனெக்ஷன் பட்டியலின் அடியில் இருக்கிற மொத்த எண்ணையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அந்த நோட்டை ரவுட்டர் இருக்கிற ரேக்கிலேயே வையுங்கள். அடுத்த முறை போன் அடிக்கும்போது முதலில் புரட்ட வேண்டிய பக்கம் அது.